அக்காளுக்க வயல்

நாஞ்சில் நாட்டில் பேரைச் சொல்லி ஆளைக் கூப்பிடுவது குறைவு. முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணி பார்க்க இறங்கினால், வாய்க்கால் கரையைத் தாண்டுவதற்குள் ரெண்டு அண்ணாச்சி, ஒரு சித்தப்பா, ஒரு மைனி, மூணு மருமகன்மார் எதிர்ப்படுவார்கள். இதில் பாதிப் பேருக்கும் எனக்கும் எந்த வழியில் சொந்தம் என்று கேட்டால் எங்க அம்மைதான் சொல்லணும். யார் மகள் யார் வீட்டுக்குப் போனாள், அந்த வீட்டுக் கொழுந்தன் எங்கே பெண் எடுத்தான் என்று மூணு தலைமுறையைப் பின்னோக்கிப் போய், 'அப்போ ஒனக்கு அவன் மருமவன் முறைதான்' என்று முடிப்பாள்.

முறை தெரியாத இடத்தில் 'மக்கா' இருக்கிறது. அப்பா மகனை மக்கா என்பார். மகன் கூட்டாளியை மக்கா என்பான். பேரனும் ஒருநாள் பாட்டாவையே மக்கா என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வான்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாசிக்கிற நண்பர்களுக்கு இது அழகாகத் தெரிகிறது. 'ஊரே ஒரு குடும்பம் மாதிரி' என்று எழுதுகிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. நடவுக்கு வருகிற பெண்களையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். அந்த அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் சீர் கொண்டு போவதில்லை, அவள் வீட்டுச் சாவில் தீட்டுக் காப்பதும் இல்லை. வாய்முறை தெரு தாண்டும், கணக்குமுறை தெருவைத் தாண்டாது. இன்றைக்கு எழுதப்போவது அந்தக் கணக்குமுறையைப் பற்றி.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு வேலை உண்டு. தாய்மாமன் என்றால் மருமகப் பிள்ளைக்குக் காது குத்தும்போது மடி கொடுக்கணும், சடங்குக்கும் கல்யாணத்துக்கும் சீர் வைக்கணும். சொக்காரன் என்றால் - பங்காளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் - ஆயிரம் சண்டை இருந்தாலும் சாவுக்குப் பாடை தூக்க வந்து நிற்கணும். பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கணும். கட்டிக் கொடுத்த பெண் செத்துப்போனால், பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வந்த பிறகுதான் தேரைக் கிளப்புவார்கள். எழுபது வயதுக் கிழவியாக இருந்தாலும் அண்ணன் தம்பி வீட்டுக் கோடிக்காக வெயிலில் காத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். துட்டி கேட்க வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு வழியைப் பார்ப்பார்கள்.

பெண்ணுக்கும் பிறந்த வீட்டுக்கும் இருக்கிற கயிறு இந்தக் கணக்கிலேயே பலமானது. கல்யாணமான வருஷத்தில் பொங்கல்படி தொடங்கும். பச்சரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சள்குலை, கரும்பு, சிறுகிழங்கு, சேனை, வாழைக்குலை. முதல் வருஷம் வெண்கலப்பானையும் உண்டு. தீபாவளிக்குத் துணி. முதல் பிரசவம் பிறந்த வீட்டுச் செலவு. எங்க பக்கத்தில் முந்திரிக்கொத்து இல்லாமல் எந்த நல்லதும் நடக்காது. சிறுபயறை வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் பிடித்து, மாவில் முக்கி எண்ணெயில் போடுவது. ஓலைப்பெட்டி நிறைய அது போனால்தான் அக்காள் வீட்டுக்காரர்களுக்கு எங்கள் மேல் மதிப்பு.

நாகர்கோவில் போகிற வழியில் ஒரு ஓட்டலில் நேபாளத்துப் பையன் ஒருத்தன் புரோட்டாவுக்கு மாவு பிசைகிறான். கடைக்கு வருகிற கிழவர்கள் எல்லாரையும் 'தாய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கிழவர்களுக்குக் கோபம். விசாரித்தால், அவர்கள் மொழியில் அண்ணனுக்கு அதுதான் சொல்லாம். அக்காளுக்கு 'தீதி'. அங்கேயும் முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தீபாவளியை ஒட்டி வருகிற திகார் பண்டிகையின் கடைசி நாள் 'பாய் டீக்கா'. அக்கா தங்கச்சிமார் உடன்பிறந்தானுக்கு நெற்றியில் பொட்டு வைத்து மாலை போடுவார்கள், அவன் துணியோ பணமோ கொடுப்பான். பெண்ணின் பிறந்த வீட்டுக்கு அவர்கள் பேச்சில் 'மைத்தி' என்று தனிச்சொல்லே இருக்கிறது. மலை வேறு, மொழி வேறு. அங்கேயும் அக்காள் வருஷத்துக்கு ஒரு நாள் கை நீட்டுகிறாள், தம்பி கொடுக்கிறான். எங்க ஊர்ப் பொங்கல்படி மாதிரிதான்.

அந்தக் கையில் இருப்பது பரிசா, பங்கா? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தது அப்பா போனபோது.

அப்பா உயில் எழுதவில்லை. சொத்து என்று பெரிசாக ஒன்றும் இல்லை. வீடு, பிறகு மூணு துண்டு வயல். வாய்க்கால் மடைக்குப் பக்கத்தில் இருப்பது மடைவயல், 48 சென்ட். அதற்குக் கீழே நடுத்துண்டு. அதற்கும் கீழே பள்ளவயல். மூன்றும் ஒட்டிக் கிடப்பவை. பேச்சிப்பாறைத் தண்ணி வாய்க்காலில் வந்து, மடைவயலில் ஏறி, நடுத்துண்டில் இறங்கி, பள்ளத்தில் வடியும். மூன்றையும் இத்தனை வருஷமாக நான்தான் பயிர் செய்கிறேன். கன்னிப்பூ ஒன்று, கும்பப்பூ ஒன்று. 1906-இல் அந்த அணை கட்டி முடிந்த பிறகுதான் நாஞ்சில் நாட்டில் இந்த ரெண்டு பூவும் ஓரளவு நம்பிக்கையாக விளைந்தது என்று பாட்டா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். மூத்தது அக்காள், அடுத்தது நான், கடைசித் தம்பி பெங்களூரில். பதினாறு அடியந்திரம் முடிந்து, பந்தி எடுத்து, இலை போட்டுவிட்டு வந்து திண்ணையில் இருக்கும்போது, மாமா முறையுள்ள ஒரு பெரியவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். "எல்லாரும் கூடி இருக்கியோ. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டிரணும். பிள்ளை ஒரு விடுதலைப் பத்திரத்தில ஒப்பு போட்டுக் குடுத்திரட்டும். பிறந்த வீட்டு வாசல் அவளுக்கு எப்பவும் திறந்துதான் கெடக்கும்."

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எங்க ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. அடியந்திரத்தில் அழுகை கொஞ்சம் அடங்கிய நேரம், எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், காரியம் முடிந்துவிடும்.

அக்காள் உள்ளே பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஒப்பு போடாட்டா வாசலை அடச்சிருவியளோ மாமா?"

யாரும் பேசவில்லை. அவள் சத்தமாகவும் கேட்கவில்லை. சாதாரணமாக, புளிக்கறிக்கு உப்பு போட்டாச்சா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

அவளுடைய நிலைமையைச் சொல்லணும். அத்தான் போய் ஆறு வருஷம். அவர்கள் வீட்டு நிலம் அத்தானின் அண்ணன் பெயரிலேயே கிடக்கிறது. இருக்கிற வீடு மகன் பேரில். மகன் கோயம்புத்தூரில், நல்ல பையன், மாசாமாசம் பணம் அனுப்புகிறான். "எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிடுகாங்க. ஆனா ரேஷன் கார்டைத் தவிர எனக்க பேர்ல ஒலகத்தில ஒண்ணும் கெடையாது. எனக்குத் துட்டு வேண்டாம். மடைவயல் வேணும்" என்றாள்.

தம்பிக்கு வேறு கணக்கு. மூன்று துண்டையும் ஒரே வளாகமாகக் கேட்டு ஒரு புரோக்கர் அவனிடம் பேசியிருந்தான். நாலுவழிச் சாலை வந்த பிறகு எங்க பக்கத்தில் வயலைப் பார்க்கிறவன் நெல்லைப் பார்ப்பதில்லை, பிளாட்டைத்தான் பார்க்கிறான். தம்பிக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் கல்லூரிக்குப் போகிற வயது. மடைவயல் இல்லாமல் மற்ற ரெண்டுக்கும் பாதை இல்லை, அதனால் விலையும் இல்லை. அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. "அக்காளுக்கு அப்பா குறை வச்சாரா? கல்யாணத்துக்குச் செய்தது, பிறகு வருஷா வருஷம் செய்தது, எல்லாம் சேத்தா அவ பங்கு எப்பவோ போயாச்சு. நோட்டை எடுத்துப் பாருங்க."

அப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. உரம் வாங்கினது, கூலி, நெல் அளந்தது, கொடைக்கு வரி கொடுத்தது எல்லாம் எழுதிவைப்பார். எடுத்து வந்தேன். அக்காளுக்குத் தனிப் பக்கங்கள் இருந்தன. 1988 ஆவணி, கல்யாணம். நகை எத்தனை பவுன், பாத்திரம் என்னென்ன, பந்திக்கு அரிசி எத்தனை மரக்கால், முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு எவ்வளவு. அப்புறம் ஒவ்வொரு தைக்கும் ஒரு வரி. மூத்த பிள்ளை பிரசவம். காது குத்து. பக்கத்தின் தலைப்பில் அப்பா எழுதியிருந்தது: 'பிள்ளைக்குக் குடுத்தது.'

அதோடு நிறுத்தாமல் நோட்டை முழுக்கப் புரட்டினேன். தம்பிக்கும் பக்கங்கள் இருந்தன. இன்ஜினியரிங் காலேஜில் கட்டின பணம், ஹாஸ்டல், முதலில் வேலைக்குப் போனபோது அட்வான்ஸ். எனக்கும் இருந்தது. பம்பு செட்டு, பவர் டில்லருக்கு முன்பணம், என் கல்யாணம். கூட்டிப் பார்த்தால் அக்காள் பக்கத்தைவிட எங்கள் ரெண்டு பேர் பக்கமும் கனம். ஆனால் அவற்றின் தலைப்பு வேறு: 'வீட்டுச் செலவு.'

ஒரே கை, ஒரே பேனா, ஒரே அறுப்பில் வந்த பணம். எங்களுக்குப் போனது செலவு, அவளுக்குப் போனது கொடுத்தது. செலவை யாரும் பங்கில் கழிப்பதில்லை. அப்பா ஓரவஞ்சனை பார்த்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்த மொழி அது, அவ்வளவுதான். நான் ரெண்டு தலைப்பையும் திண்ணையில் இருந்தவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மாமா வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார்.

இதை எழுதும்போது ஒரு பழைய கதையும் சொல்லணும், ஏனென்றால் இந்த மூணு துண்டும் எங்களுக்கு வந்த வழி அதுதான்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் ரெண்டு தாலுகாவும்தான் நாஞ்சில் நாடு. முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிச் சீமை. இங்கே வேளாளரில் ஒரு பகுதிக்கு மருமக்கள்வழி. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. ஒருத்தர் செத்தால் சொத்து அவர் மகனுக்கு இல்லை, அவர் அக்கா தங்கச்சி மகனுக்கு. மலையாளத்து நாயர் வீடுகளிலும் மருமக்கள்வழி உண்டு, ஆனால் அங்கே பெண் தன் தறவாட்டிலேயே இருந்தாள். நாஞ்சில் நாட்டில் பெண் கட்டிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். புருஷன் கண்ணை மூடினதும், அத்தனை வருஷம் பாடுபட்ட வீட்டில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைப்பது 'உகந்துடைமை' என்ற பேரில் ஒரு சிறு பகுதி. மீதிக்கு மருமகன்மார் வந்து நிற்பார்கள். அதற்காக நடந்த வழக்குகளில் குடும்பம் குடும்பமாக அழிந்தது.

தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' இந்தக் கதைதான். 1917-18இல் 'தமிழன்' இதழில் தொடராக வந்தது. ஒரு காரணவருக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் பாட்டைச் சொல்கிற மாதிரி எழுதியிருப்பார். சிரித்துக்கொண்டே வாசிக்கலாம், வாசித்து முடித்தால் சிரிப்பு நிற்காது. அந்தக் காலத்தில் எழுந்த பேச்சும் கிளர்ச்சியும் சேர்ந்து 1926-இல், கொல்லம் ஆண்டு 1101-இல், திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மனைவி மக்களுக்குச் சொத்தில் உரிமை, குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்க வழி.

அதற்குப் பின்னால் நடந்த பாகத்தில்தான் இந்த வயல்கள் எங்கள் பாட்டா கைக்கு வந்தன. மூல ஆதாரம் மலையாளத்தில் இருக்கிறது, கொல்லம் ஆண்டு போட்டு. வாசிக்க ஆள் தேடித் திருவனந்தபுரம் பக்கம் போனேன். வாசித்துச் சொன்னார்கள்: நிலம் பாட்டாவின் அம்மை வழியாக வந்தது. அவளுடைய அம்மாவனுக்கு இருந்தது, அவள் பிள்ளை என்பதால் பாட்டாவுக்கு.

மருமக்கள்வழி பெண்ணாட்சி என்று சிலர் இப்போது எழுதுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பெண் வழியாகச் சொத்து போனதே தவிர, பெண் கையில் இருந்ததில்லை. முதலில் அம்மாவன் கையிலிருந்து மருமகன் கைக்கு, பிறகு அப்பா கையிலிருந்து மகன் கைக்கு. ஆனாலும் அந்தப் பத்திரத்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லாமல் நிலத்துக்கு வழி சொல்ல முடியவில்லை. மூணு தலைமுறைக்குள், பெண்ணின் பெயர் வருகிற ஒரே பத்திரம் விடுதலைப் பத்திரம் என்று ஆகிவிட்டது.

சட்டம் இதைச் சரி செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டமே அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமமாகப் பங்கு சொன்னது. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் பெண்ணுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. அக்காளுக்குக் கல்யாணம் 1988 ஆவணி. ஏழு மாதம். பிறகு 2005-இல் மத்திய அரசு திருத்தம் செய்து, கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்ற கேள்வியை எடுத்துப்போட்டது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக, மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பதில் காரியம் இல்லை என்றது. நேபாளத்திலும் 2002-இல் மகளுக்குப் பிறப்பில் பங்கு என்று சட்டம் வந்தபோது, கல்யாணம் ஆனால் திருப்பிக் கொடுத்துவிடணும் என்று சேர்த்தே எழுதினார்கள். பிறகுதான் அதை எடுத்தார்கள்.

சட்டம் இத்தனை தூரம் வந்தும் ஒப்பு போடுவது ஏன் நிற்கவில்லை? அக்காளுக்குச் சட்டம் தெரியும். எங்க தெருவில் ஒப்பு போட்டுக் கொடுத்த மற்றப் பெண்களுக்கும் தெரியும். அவர்களில் பள்ளிக்கூட டீச்சர் உண்டு, பேங்கில் வேலை பார்க்கிறவள் உண்டு. தெரிந்துதான் போட்டார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீடு இல்லை என்ற பயம். நாளைக்கு மகள் கல்யாணத்தில் தாய்மாமன் வந்து நிற்கமாட்டான், புருஷன் வீட்டில் ஒரு வார்த்தை வந்தால் கேட்க ஆள் இருக்காது, கடைசியில் தனக்குக் கோடி கொண்டுவர யாரும் இல்லாமல் உடம்பு கிடக்கும். இந்தப் பயத்துக்குப் பெண்கள் கொடுக்கிற விலைதான் அந்த ஒப்பு. பொங்கல்படியை நாங்கள் சீர் என்கிறோம். கணக்குப் பார்த்தால், அவள் விட்டுக்கொடுத்த வயலுக்கு வருஷா வருஷம் கொடுக்கிற வட்டி. அதுவும் வயலின் ஒரு பூவுக்குக் காணாது.

இதை எனக்குப் புரியவைத்தது சட்டப் புத்தகம் இல்லை, அம்மை. அதுவரை சுவரோடு சாய்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தவள் அன்றைக்கு ராத்திரி தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"நான் ஒப்பு போட்டுக் குடுத்தவ மக்கா. எங்க அண்ணன் கேட்ட அன்னைக்கே போட்டேன். அண்ணன் இருக்கதுவரை பொங்கப்படி தலையில ஏத்திக் கொண்டு வந்தான். அண்ணன் போனான், படியும் போச்சு. அவனுக்க மக்க வழியில கண்டா சிரிக்கும், அவ்வளவுதான். வாசலு ஆளுக்க கூடப் போயிரும். வயலு அங்கதான் கெடக்கும்."

தம்பி அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் ரயிலேறினான். அதற்குப் பிறகு அவன் சம்மதிக்க பதினோரு மாதம் ஆயிற்று. அந்தப் பதினோரு மாதமும் சுகமாக இல்லை. போனை எடுக்கமாட்டான். எடுத்தால் அவன் வீட்டுக்காரி பேசுவாள், அவளுக்கும் வருத்தம். முத்தாரம்மன் கோவில் கொடைக்கு முதல்முறையாக அவன் வரவில்லை. ஊரில் எனக்கும் பேச்சு. 'அக்காளைத் தூண்டிவிட்டது இவன்தான், மடைவயல் அவ பேருக்குப் போனாலும் உழப்போவது இவன்தானே' என்று. அதில் ஒரு பகுதி உண்மைதான். பிளாட் போட்டால் எனக்குப் பயிர் செய்ய இடம் இல்லை. அக்காள் நின்றதில் என் வயிற்றுப்பாடும் நின்றது. அதை நான் எங்கேயும் மறைக்கவில்லை, தம்பியிடமும் சொன்னேன்.

எனக்குப் பயமும் இல்லாமல் இல்லை. மடைவயல்தான் தண்ணிக்கு வாசல். நாளைக்கு அக்காள் யாருக்காவது விற்றால், வாங்குகிறவன் மடையை அடைத்தால், என் நடுத்துண்டு தரிசு. அதனால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தோம்: மேல்வயல் வழியாகக் கீழ்வயல்களுக்குத் தண்ணியும் நடைபாதையும் விடணும் என்று. எழுதச் சொன்னது அக்காள்தான். "வாய்ப்பேச்சு வேண்டாம் தம்பி, எழுதிருவோம். எனக்குப் பிறகு ஆரு வாறானோ" என்றாள். நகரத்தில் இருக்கிறவர்கள் பங்கு பிரித்தால் இதைக் கவனியுங்கள். சென்டைச் சமமாக அளப்பது சுலபம். தண்ணி எந்தப் பக்கமிருந்து வருகிறது, வண்டி எந்த வழியாக இறங்கும் என்பதில்தான் பிறகு தலைமுறை தலைமுறையாகச் சண்டை.

வீட்டை அம்மை பேருக்கு விட்டோம். பள்ளவயல் தம்பிக்கு. பரப்பில் கொஞ்சம் கூடுதல், மழைக்காலத்தில் தண்ணி நிற்கும் என்பதால். நடுத்துண்டு எனக்கு. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார், கல் நட்டோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்காள் பெருவிரல் வைத்து, படம் எடுத்து, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். பத்திரத்தில் ஒப்பு போடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

தம்பி பள்ளவயலை இதுவரை விற்கவில்லை. எனக்குப் பாட்டத்துக்கு விட்டிருக்கிறான். என்னோடு பேசுகிறான். அக்காளோடு நல்லது கெட்டதுக்கு மட்டும் பேச்சு. அது எப்போது சரியாகும் என்று சொல்லத் தெரியவில்லை. முறை இருப்பதால் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே பந்தலில் நிற்கத்தான் போகிறார்கள். மற்றது காலம் பார்த்துக்கொள்ளட்டும்.

பட்டா அக்காள் பேருக்கு மாறின வருஷம் தை மாதம் வந்தது. ஊரில் ஒரு கேள்வி: இனி பொங்கல்படி உண்டா? பங்கு வாங்கினவளுக்குப் படி எதற்கு என்பது பொது அபிப்பிராயம். என் வீட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் சிறுகிழங்கைக் கழுவிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் மஞ்சள்குலையும் கரும்பும் மட்டிக்குலையும் கட்டி வண்டியில் ஏற்றினேன். அக்காள் வாங்கிக்கொண்டாள், வழக்கம்போல வெண்கலப்பானையைத் துலக்கி வெளியே வைத்திருந்தாள். சாப்பாடு போட்டாள். தீயலும் அவியலும். சாப்பிட்டுக் கை கழுவினதும், "படி படிதான், பாட்டம் பாட்டம்தான். கன்னிப்பூவுக்கு ரெண்டு மரக்கால் குறைச்சு அளந்திருக்க" என்றாள்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. எழுதிவைத்திருந்தாள். அப்பா நோட்டு மாதிரியே ஒரு நோட்டு. கதிர் பால்பிடிக்கிற நேரத்தில் மழை அடித்துச் சாய்ந்ததைச் சொன்னேன். 'சாய்ஞ்சது பள்ளவயல்லா, மடைவயல் சாயல்லியே' என்றாள். அவள் சொன்னது சரிதான். மடைவயலில் சேதம் குறைவு. மறுநாளே அளந்து கொடுத்தேன்.

முன்பெல்லாம் அக்காள் போன் செய்தால் அம்மைக்கு மாத்திரை வாங்கியாச்சா, பிள்ளைகள் எப்படி என்று கேட்பாள். இப்போதும் கேட்கிறாள். ஜூன் பிறந்தால் அதற்கு முன்னால் வேறு கேள்வி: "பேச்சிப்பாறை திறந்தாச்சா? வாய்க்கால்ல தண்ணி எம்மட்டு?" மாசத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து வருகிறாள். முன்பு நேராக அடுக்களைக்குப் போவாள். இப்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள். வாய்க்கால் வெட்டுக்குப் பணம் பிரிக்க வந்தவர்கள் பழைய சீட்டில் அப்பா பெயரில் மூன்று வயலையும் வைத்திருந்தார்கள். "மடைவயல் ஆருக்கு எழுத?" என்றார்கள். "அக்காளுக்க வயல்" என்றேன். அவள் பெயரை எழுதி, அவள் பங்கை அவளிடமே வாங்கிப் போனார்கள்.

இந்தக் கன்னிப்பூவுக்கு நான் மூன்றிலும் திருப்பதிசாரம் 5 போடலாம் என்று இருந்தேன். பக்கத்தில் ஆராய்ச்சி நிலையத்திலேயே விதை கிடைக்கிறது. அக்காளுக்கு அது வேண்டாம், அம்பை 16-தான் சோற்றுக்கு நல்லா இருக்கும் என்று பிடிவாதம். போனில் அரைமணி நேரம் சண்டை. கடைசியில் என் நடுத்துண்டிலும் பள்ளத்திலும் திருப்பதிசாரம் 5, மடைவயலில் அம்பை 16. வயலுக்காரி சொன்னா கேக்கணும்லா.